கம்பம் பள்ளத்தாக்கில் ஒரு கமீசியா

தேனிச் சந்தையில் நான் இறங்கியபோது என் முகத்தை யாரும் பார்க்கவில்லை. எல்லோரும் என் சட்டையைத்தான் பார்த்தார்கள். வெற்றிலை விற்றுக்கொண்டிருந்த அம்மாள் பார்த்தாள், புளி மூட்டையை இறக்கிக்கொண்டிருந்தவர்கள் பாதியில் நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள், ஒரு மாடுகூடப் பார்த்தது. மாடு பார்த்ததோடு நிற்கவில்லை. என் கைப்பட்டியை வாயில் போட்டுச் சுவைத்து, பிடிக்காமல் துப்பிவிட்டது.

சட்டை அப்படிப்பட்ட சட்டை. புதுச்சேரியில் கடற்கரைக்குப் பக்கத்துத் தெருவில், வெள்ளைக்காரர்களுக்கு மட்டுமே தைக்கும் தையற்காரரிடம் கெஞ்சித் தைத்தது. கழுத்துவரைக்கும் எலும்புப் பொத்தான். போட்டுக்கொண்டு நிலைக்கண்ணாடி முன்னால் நின்றபோது எனக்கே என்னை மரியாதையாகக் கூப்பிடத் தோன்றியது.

நான் ஓர் அச்சுக்கூடத்தில் பிழை திருத்துகிறவன். இலத்தீன், பிரெஞ்சு, தமிழ் மூன்றுக்குமாக ஓர் அகராதி அச்சாகிக்கொண்டிருக்கிறது. குருமடத்தில் சில வருஷம் இலத்தீன் படித்துவிட்டு, சாமியாராகிற ஆசை எனக்கு இல்லை என்று தெரிந்ததும் வெளியே வந்த என்னைப் போன்றவனுக்கு அதைவிட நல்ல வேலை கிடைக்காது. கிளம்புவதற்கு முந்தின வாரம் என் மேஜைக்கு வந்த தாளில் ‘கமீசியா’ என்ற இலத்தீன் சொல் இருந்தது. உடம்போடு ஒட்டி அணியும் வெள்ளைத் துணிச் சட்டை என்று பொருள். ரோமாபுரிப் படைவீரர்கள் போட்டதாம். இலத்தீனுக்கே அது இரவல் சொல், வடக்கே குளிர்தேசத்துக்காரர்களிடமிருந்து எடுத்தது என்று ஒரு கட்சி. படுக்கும்போது போடுவதால் படுக்கையைக் குறிக்கும் சொல்லிலிருந்து பிறந்தது என்று இன்னொரு கட்சி. அந்த இரண்டாவது கட்சிக்காரர்கள் நம் ஊர் வெயிலில் ஒருநாள் சட்டையோடு படுத்துப் பார்த்திருந்தால் அப்படி எழுதியிருக்கமாட்டார்கள்.

எங்கள் ஊரில் பிரெஞ்சுக்காரர்கள் சட்டையை ‘ஷெமீஸ்’ என்பார்கள். அதுவும் இந்தக் கமீசியாவின் பிள்ளைதான். ரயிலில் எதிரே உட்கார்ந்திருந்த இங்கிலீஷ் உத்தியோகஸ்தர் ஒருவரிடம், என் ஷெமீஸ் எப்படி இருக்கிறது என்று பெருமையாகக் கேட்டேன். அவர் ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு அடுத்த ஸ்டேஷனில் வேறு பெட்டிக்குப் போய்விட்டார். அந்தச் சொல்லை இங்கிலீஷ்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்த் தங்கள் பெண்களின் உள்ளாடைக்குப் பெயராக வைத்திருக்கிறார்கள் என்பது எனக்கு அப்போது தெரியாது.

இதையெல்லாம் சொல்லிவிட்டு வந்த காரியத்தைச் சொல்லாமல் இருக்கிறேன். நான் பெண் பார்க்க வந்தேன். சின்னமனூருக்குத் தெற்கே, தலைமுறை தலைமுறையாகக் கிறிஸ்து வேதத்தில் இருக்கிற விவசாயக் குடும்பங்களின் ஊர் ஒன்று இருக்கிறது. ஊர்ப் பெயரை எழுதக்கூடாது என்று எனக்கு உத்தரவு. துணைக்கு வந்த சித்தப்பா திண்டுக்கல்லில் காய்ச்சலோடு படுத்துவிட்டார். “நீ போய்ப் பார்த்துட்டு வா, நான் பேச்சு முடிக்க வர்றேன்” என்று அனுப்பிவிட்டார். வில்லியனூரைத் தாண்டினாலே எங்களுக்கு அன்னிய தேசம். பிரெஞ்சுக் கொடி முடிந்து இங்கிலீஷ் கொடி வந்துவிடும். இந்த அன்னிய தேசத்தில் எனக்குக் கையில் இருந்த ஒரே துணை அம்மா சொல்லி அனுப்பியதுதான்.

“என்ன ஆனாலும் சட்டையைக் கழட்டாதே. சட்டை இருந்தாத்தான் நீ ஆளாத் தெரியறே. கழட்டினா எலும்பை எண்ணிடலாம்.”

அம்மா சொன்னது சத்தியம். நான் அவ்வளவு ஒல்லி.

தேனியில் சோளத் தோசையும் கருவாட்டுக் குழம்பும் சாப்பிட்டேன். புதுச்சேரிக் கருவாடு கடலின் வாசனையோடு இருக்கும். இங்கே கடலையே பார்க்காதவர்கள் அதைப் புளியும் பூண்டும் போட்டு வேறு பிறவி எடுக்க வைத்திருந்தார்கள். இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, கம்பம் போகிற காசிம் ராவுத்தரின் வண்டியில் ஏறினேன். ராவுத்தர் அரிசியும் புகையிலையும் ஏற்றி விற்கிறவர். வண்டியில் இன்னொருவர், கொச்சிக்காரத் தச்சர் பேத்ரு. மலைமேல் பெரியாற்றில் வெள்ளைக்காரத் துரைமார் கட்டுகிற அணைக்கு வேலைக்குப் போகிறார். அவர் வம்சத்தில் எப்போதோ ஒரு போர்த்துக்கீசியர் இருந்திருக்கிறார். பூனைக்கண் மட்டும் மிச்சமிருந்தது.

வண்டி கிளம்பிக் கொஞ்ச நேரத்தில் ராவுத்தர் திரும்பிப் பார்த்தார். “தம்பி, கமீசு ரொம்ப அம்சமா இருக்கு. எங்கன தச்சது?”

நான் துள்ளி எழுந்ததில் தலை வண்டிக் கூண்டில் இடித்தது. “என்ன சொன்னீங்க? இன்னொரு தடவை சொல்லுங்க.”

“கமீசுன்னேன். அதுக்கு ஏன் தம்பி இந்தக் குதி குதிக்கிறீக?”

“அந்தச் சொல் உங்களுக்கு எங்கேயிருந்து வந்துச்சு?”

“இது அரபுச் சொல்லுல்ல. எங்க வேதத்துலயே இருக்கு.”

இதுவரை மூட்டைமேல் சாய்ந்து தூங்கிக்கொண்டிருந்த பேத்ரு ஒரு கண்ணைத் திறந்தார். மலையாளத்தில் அவர் சொன்னது ஏறக்குறைய இப்படி: “அரபும் இல்லை, ஒன்றும் இல்லை. அது கமீசா. எங்கள் பறங்கிச் சொல். எங்கள் வீட்டில் கப்பல் காலத்திலிருந்து சொல்கிறோம். இவர்கள் எங்களிடமிருந்து எடுத்திருப்பார்கள்.”

“நாங்க உங்க கிட்ட எடுத்தோமா?” ராவுத்தர் மாட்டை மறந்துவிட்டு முழுதாகத் திரும்பி உட்கார்ந்தார். “ஏன்யா, உங்க கப்பல் வர்றதுக்கு முன்னாடி நாங்க என்ன வெறும் மேலோடயா திரிஞ்சோம்?”

சண்டை வீரபாண்டி வரைக்கும் நடந்தது. சித்திரை மாதம். கௌமாரியம்மன் திருவிழாவுக்கு ஜனம் ஆற்றங்கரை முழுக்க நிறைந்திருந்தது. தீச்சட்டி, கரும்பு, மாவிளக்கு, கிடா என்று ஒவ்வொன்றாக எங்களைத் தாண்டிப் போயின. ராவுத்தர் சண்டையிலேயே கவனமாக இருந்ததால் வண்டி ஆற்று மணலில் இறங்கி, அச்சுவரைக்கும் புதைந்துவிட்டது.

எல்லோரும் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு தள்ள வந்தார்கள். பேத்ருவும் தம் மேல்சட்டையைக் கழற்றி மூட்டைமேல் போட்டுவிட்டுச் சக்கரத்தைப் பிடித்தார். நான் ஒருவன்தான் கழுத்துவரை பொத்தானோடு நின்று தள்ளினேன். பறங்கிக் கலப்பில் பிறந்தவர்களைச் சட்டைக்காரர் என்று சொல்வது வழக்கம். அந்தக் கூட்டத்தில் நிஜமான சட்டைக்காரர் வெறும் உடம்போடு வேர்த்துக்கொண்டிருக்க, திருவிழாவுக்கு வந்த ஒரு கிழவர் என்னைக் காட்டிக் கத்தினார்: “ஏலே, சட்டைக்காரவுகளைத் தள்ளச் சொல்லாதீக. மடிப்புக் கலைஞ்சிரும்!”

கூட்டம் சிரித்த சிரிப்பில் எனக்குக் காது சூடாகிவிட்டது. ஆனால் அந்த நேரத்தில்தான், சக்கரத்தில் தோளைக் கொடுத்து நிற்கும்போதுதான், எனக்கு முழுவதும் விளங்கியது.

“ரெண்டு பேர் சொல்றதும் சரி!” என்று கத்தினேன். “கமீசியா ரோமாபுரியிலேர்ந்து புறப்பட்டுச்சு. கிரேக்கர் கை மாறி, சுரியானிக்காரர் கை மாறி, தரை வழியா அரபு நாட்டுக்குப் போய்க் கமீசு ஆச்சு. போர்த்துக்கீசியர் கிட்ட கமீசா ஆகிக் கப்பல்ல கொச்சிக்கு வந்துச்சு. பிரெஞ்சுக்காரர் மூட்டையில ஷெமீஸா எங்க ஊருக்கு வந்துச்சு. மூணு வழியாப் பிரிஞ்சு போனது இன்னிக்கு இந்த ஒரே வண்டியில வந்து உக்காந்திருக்கு!”

கத்தின கத்தலில் மாடு மிரண்டது. மிரண்ட வேகத்தில் வண்டி மணலை விட்டு மேட்டில் ஏறிவிட்டது. நாங்கள் மூன்று பேரும் மணலில் குப்புற விழுந்தோம்.

ராவுத்தர் தாடியில் ஒட்டிய மணலைத் தட்டிக்கொண்டே யோசித்தார். “அப்ப மூணு பேரும் ஒரே தையக்காரர் கிட்டத்தான் தச்சுப் போட்டிருக்கோம்ங்கிறீக.” பேத்ரு அதற்கு வாய்விட்டுச் சிரித்தார். அதற்குப் பிறகு சின்னமனூர்வரை இரண்டு பேரும் ஒரே பெட்டியிலிருந்து வெற்றிலை எடுத்துப் போட்டார்கள். எனக்கோ தலை கிறுகிறுத்தது. அகராதித் தாளில் ஒரு வரியாகப் பார்த்தது கண்முன்னால் சுண்ணாம்பு தடவிக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

ராவுத்தர் என்னைப் பெண் வீட்டு வாசலிலேயே இறக்கிவிட்டு, சட்டைக் கதையையும் சொல்லிவிட்டுப் போனார். பெண் வீட்டார் வாசலில் நின்று வரவேற்றார்கள். பெண்ணின் அப்பா மரியசூசை நல்ல உயரம், பனைமரத்தில் செதுக்கின உடம்பு, தோளில் ஒரு துண்டு, அவ்வளவுதான். ஊரில் ஆண்கள் எல்லோருமே அப்படித்தான். இரண்டு பக்கமும் மலை, நடுவில் வயல், ஓலைக்கூரைகளுக்கு நடுவே வெள்ளையடித்த கோயில். கடற்கரையில் பிறந்தவனுக்கு எந்தப் பக்கம் திரும்பினாலும் மலை வந்து நிற்பது வேடிக்கையாக இருந்தது.

“வாங்க தம்பி. எண்ணெய் தேச்சுக் குளிச்சிட்டு வாங்க, சாப்பிடுவம்” என்றார் மரியசூசை. பெண்ணின் தாய்மாமன் கிண்ணத்தில் நல்லெண்ணெயோடு தயாராக நின்றார். இது இந்த ஊர் வழக்கம். பெண் பார்க்க வருகிறவனுக்குத் தாய்மாமன் எண்ணெய் தேய்த்து, கமலைக் கிணற்றில் மாடு இறைக்கிற தண்ணீரில் உட்கார வைத்து, அதற்குப் பிறகுதான் இலை போடுவார்கள். எண்ணெய் தேய்க்கிற சாக்கில் மாப்பிள்ளையின் தோலையும் தோளையும் தடவிப் பார்த்துவிடலாம் என்பது அதில் இருக்கிற சூட்சுமம். யாரும் அதை எனக்குச் சொல்லவில்லை.

நான் என் எலும்புகளை நினைத்துக்கொண்டேன். “வழியிலேயே குளிச்சிட்டேன்” என்றேன். உடம்பெல்லாம் வீரபாண்டி மணல் ஒட்டியிருந்தது. அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

அன்றைக்குச் சாப்பாடு நாட்டுக்கோழிக் குழம்பும் சோறும். காரத்தில் எனக்குக் கண்ணும் மூக்கும் ஒழுகின, சட்டை முதுகில் ஒட்டிக்கொண்டது. “சட்டையக் கழத்திட்டுக் காத்தாட உக்காருங்க தம்பி” என்று பெண்ணின் அம்மா சொன்னார். “குளிருது” என்றேன். சித்திரை மத்தியானத்தில்.

அப்போதுதான் பெண்ணை, மதலம்மாளைப் பார்த்தேன். செம்பில் தண்ணீர் கொண்டுவந்து வைத்துவிட்டு, கதவுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டாள். அங்கிருந்து அவள் அம்மாவிடம் கேட்பதுபோல என்னைக் கேட்டாள்: “ஆத்தா, வண்டிக்கார ராவுத்தர் சொன்னாக, இவுக சட்டைக்கு லத்தீனுல பேரு இருக்காமே?”

நான் கதவைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தேன். படைவீரர்கள், அரபு நாடு, கப்பல், கொச்சி. அவள் குறுக்கே கேட்டாள்: “அப்ப சாமியார் பூசைக்குப் போடுற நீள வெள்ளை அங்கி? அதுவும் லத்தீன்தான?” முற்காலத்தில் அதையும் சில இடங்களில் கமீசியா என்று சொல்லியிருக்கிறார்கள். குருமடத்தில் இத்தனை வருஷம் படித்த எங்களில் ஒருவனுக்கும் அதைக் கேட்கத் தோன்றியதில்லை. “ஆமா” என்று சொன்னேன். “கமீசியா” என்று அவள் ஒரு தடவை சொல்லிப் பார்த்தாள். பிறகு வளையல் சத்தத்தோடு உள்ளே போய்விட்டாள்.

எனக்கு அவளைப் பிடித்துவிட்டது. இதை வேறு எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. சித்தப்பா காய்ச்சல் தேறி அன்றைக்கே வந்துவிடக்கூடாதா என்றிருந்தது.

அவர் வரட்டும் என்று அங்கேயே தங்கினேன். மறுநாள் சாயங்காலம் மாட்டுக் கொட்டில் பக்கம் போனபோது உள்ளே தாய்மாமன் குரல் கேட்டது.

“ஒடம்புல என்னமோ இருக்குத்தா. எண்ணெய் வேணாம்ங்கிறான், குளிக்க மாட்டேங்கிறான். இந்த வேக்காட்டுல எவனாச்சும் கழுத்து முட்டப் பொத்தான் போடுவானா? வெள்ளை விழுந்திருக்கும். இல்ல பெரிய வியாதியா இருக்கும்.”

“நல்லாப் படிச்ச பையன்னு சாமியார் சொன்னாகளே” என்றார் மதலம்மாளின் அம்மா.

“படிப்ப ஒடம்புல தடவிக்கவா முடியும்?” இது மரியசூசை. “காலையில வண்டி பூட்டி மரியாதையா அனுப்பி வச்சிருவம். பொண்ணக் கொடுக்க முடியாது.”

சட்டையில் அழகாகத் தெரிவேன் என்று நினைத்தேன். சட்டையால் குஷ்டரோகியாகிவிட்டேன். சரி, எலும்பு தெரிந்தால் தெரியட்டும் என்று தீர்மானித்தேன். காலையில் விடிந்ததும் விடியாததுமாகக் கமலைக் கிணற்றுக்குப் போனேன். மரியசூசையும் தாய்மாமனும் மாட்டை ஓட்டிக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குடத்தோடு நின்றார்கள். எல்லோருக்கும் தெரியும்படி நடுவில் நின்று, பொத்தானை ஒவ்வொன்றாகக் கழற்றி, சட்டையை உருவினேன்.

“ஆத்தாடி!” என்று ஒரு குடம் கீழே விழுந்தது.

குனிந்து பார்த்தேன். கழுத்திலிருந்து தொப்புள்வரைக்கும் என் உடம்பு முழுக்கச் சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது. ஊரை விட்டுப் புறப்பட்டதிலிருந்து அரித்துக்கொண்டுதான் இருந்தது. சட்டையைக் கழற்றினால்தானே என்னவென்று பார்ப்பது! இல்லாத வியாதியை நானே வளர்த்துக் கொண்டுவந்து கிணற்றடியில் காட்டியிருக்கிறேன். தாய்மாமன் இரண்டடி பின்னால் போனார். மரியசூசை வடக்கயிற்றைப் பிடித்தபடி அப்படியே நின்றுவிட்டார். என் எலும்புகளை ஒருத்தரும் கவனிக்கவில்லை.

குடம் வைத்திருந்த பெண்களுக்கு நடுவிலிருந்து ஒரு சிரிப்பு கேட்டது. மதலம்மாள் வாயை முந்தானையால் பொத்திக்கொண்டிருந்தாள். பொத்தியும் அடங்கவில்லை.

“வேர்க்குரு ஆத்தா! கைப்பிள்ளைகளுக்கு வருமே, அந்த வேர்க்குரு. இதுக்குப் போயி எல்லாரும் முழிக்கிறீகளே!”

“வேர்க்குரு இம்புட்டா வரும்?” என்றார் மரியசூசை. அவர் நம்பவில்லை. இந்த ஊரில் சட்டை போட்டவர் இல்லை, அதனால் பெரிய ஆண்பிள்ளைக்கு இப்படி வந்து யாரும் பார்த்ததுமில்லை. ஆனால் மகள் சிரித்த சிரிப்பில் அவருக்குக் கொஞ்சம் யோசனை வந்தது. “ஞாயித்துக்கெழமப் பூசை முடியட்டும். அதுவரைக்கும் சட்டை போடாம இருங்க தம்பி. எறங்குச்சுன்னா பேசுவம். எறங்கலைன்னா ஊருக்குப் போக வண்டி தயாரா நிக்கும்.”

அந்த நாட்களில் இருந்ததுபோல நான் எப்போதும் சுகமாக இருந்ததில்லை. காலையில் நுங்கைத் தோலோடு உடம்பில் தேய்த்துவிடுவார்கள், மிச்சத்தைத் தின்னச் சொல்வார்கள். பிறகு கமலைத் தண்ணீர் விழுகிற இடத்தில் உட்கார்ந்திருப்பேன். மத்தியானம் கேப்பைக் கூழும் மோர் மிளகாயும், சாயங்காலம் சந்தனம். மேகமலையிலிருந்து இறங்குகிற காற்று நேராக நெஞ்சில் படும். புதுச்சேரியில் கடற்காற்று என்று பெருமை அடித்துக்கொள்கிறோம், அதைச் சட்டைக்கு வெளியே நிறுத்திவிட்டு. மதலம்மாள் தினம் ஒரு தடவை அந்தப் பக்கம் வந்து, தன் அம்மாவிடம், “மார்ல எறங்கிருச்சு, முதுகுலதான் இன்னும் கெடக்கு” என்று எனக்குக் கேட்கும்படி நிலவரம் சொல்லிவிட்டுப் போவாள். எனக்கு முதுகை நினைத்துத் தூக்கம் வரவில்லை. வண்டி கொட்டில் பக்கத்திலேயே நின்றது.

என் சட்டையைத் துவைத்துக் கஞ்சி போட்டு வேலியில் காயப்போட்டிருந்தார்கள். மரியசூசை போகிறபோதும் வருகிறபோதும் அதைப் பார்த்தார். ஒரு தடவை பொத்தானைத் தொட்டுப் பார்த்துவிட்டு, நான் பார்ப்பது தெரிந்ததும் வேலியைச் சரிசெய்வதுபோலப் பண்ணினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. நான் தோளில் துண்டோடு கோயிலுக்குப் போய் ஆண்கள் பக்கம் முழந்தாளிட்டேன். கொஞ்ச நேரத்தில் கோயில் முழுக்க ஒரு சலசலப்பு. திரும்பிப் பார்த்தேன். மரியசூசை வந்துகொண்டிருந்தார், என் சட்டையில். கழுத்துவரைக்கும் பொத்தான், கை முழங்கையோடு நின்றுவிட்டது, நெஞ்சு அடைத்து நின்றது. பீடத்தைப் பார்த்தபடி நேராக நடந்து வந்து, வெடித்துவிடுமோ என்று பயந்தவர்போல மெதுவாக முழந்தாளிட்டார். சாமியார் அன்றைக்கென்று பிரசங்கத்தை நீட்டினார். மரியசூசையின் பிடரியில் வேர்வை ஆறாக ஓடியது. எனக்குப் பின்னால் ஒருவர் கிசுகிசுத்தார்: “மரியசூசைக்கு ஒடம்புக்கு என்னமோ போல. பாருங்க, பொத்திக்கிட்டு வந்திருக்காக.”

பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அவரைக் காணவில்லை. கொட்டிலுக்குப் பின்னாலிருந்து மெல்லிய குரலில் கூப்பிட்டார்: “தம்பி, இங்கன வாங்க. ஒருத்தரையும் கூட்டியாராதீக.”

போனேன். வைக்கோற்போருக்குப் பக்கத்தில் முகம் சிவந்து நின்றுகொண்டிருந்தார். பொத்தானை ஏதோ ஒரு வழியாகப் போட்டுவிட்டார், கழற்றத் தெரியவில்லை. ஏர் பிடித்த விரல்களில் அந்தச் சின்ன எலும்புத் துண்டுகள் நழுவிக்கொண்டே இருந்தன. வீட்டுப் பெண்களைக் கேட்கக் கௌரவம் இடம் கொடுக்கவில்லை.

முதல் பொத்தானைக் கழற்றினேன். இரண்டாவதையும் மூன்றாவதையும் கழற்றினேன். அதற்குள் நாங்கள் இருவரும் பார்த்துவிட்டோம். அந்தப் பனைமர நெஞ்சில் கழுத்திலிருந்து சிவப்புச் சிவப்பாகப் பொரிந்திருந்தது.

அவர் தம் மார்பைப் பார்த்தார். பிறகு என் மார்பைப் பார்த்தார். அதில் சந்தனமும் எலும்பும் தவிர ஒன்றும் இல்லை. என்னைப் பிடித்து ஒரு சுற்றுச் சுற்றி முதுகையும் பார்த்தார்.

“ஒரு பூசைக்கே இப்படியா?” என்றார்.

நான் நாலாவது பொத்தானில் கையை வைத்துக்கொண்டு சும்மா நின்றேன். அந்தத் தைரியம் எனக்கு எங்கிருந்து வந்ததென்று இன்றுவரை தெரியாது.

“என்ன, நிப்பாட்டிட்டீக?”

“வண்டி நிக்குதுங்களே. பூட்டப் போறீங்களா இல்லையான்னு தெரிஞ்சா...”

அவர் என்னை முறைத்தார். வேர்வை மூக்கு நுனியிலிருந்து சொட்டியது. கொட்டில் சுவருக்கு அந்தப் பக்கம் வளையல் சத்தம் கேட்டது. மரியசூசைக்கு முதலில் தோள் குலுங்கியது, பிறகு வயிறு குலுங்கியது, பிறகு சட்டையும் அவரும் சேர்ந்து சிரித்தார்கள்.

“அட, அரிக்குதுய்யா! இந்தக் கமீசியாவக் கழத்திவிடுங்க, மாப்ளே!”

இரண்டு கையாலும் பிடித்து ஒரே இழுப்பாக இழுத்தேன். மிச்சமிருந்த பொத்தான்கள் அத்தனையும் தெறித்து வைக்கோற்போருக்குள் போய் விழுந்தன. நாங்கள் ஒருவரும் தேடவில்லை.